ரெகுலேட்டர் மூடியிருக்கிறது

சத்துவாச்சாரி வீட்டிலிருந்து
ஏழு இருபதுக்குக் கிளம்ப வேண்டும்.
ஏழு பத்துக்கே போனைக் கையில் எடுத்துவிடுவேன்.
முதலில் கேஸ் ரெகுலேட்டர், ஒரு படம்.
அடுப்பின் இரண்டு திருகுகள், ஒரு படம்.
இஸ்திரிப் பெட்டியின் ஒயர், பிடுங்கியது தெரியும்படி.
மோட்டார் சுவிட்ச்.
கடைசியாகப் பூட்டு,
அதை மூன்று முறை இழுத்துப் பார்த்தபின்.

இழுத்த கையை நம்பாதவள்
படத்தை மட்டும் எப்படி நம்புகிறாய் என்று
தணிகாசலம் கேட்டார் ஒருநாள்.
படத்தில் தேதி இருக்கிறதே என்றேன்.
கம்பெனியிலும் எனக்கு அதுதான் வேலை:
ஷூ அப்பர் எத்தனை ஜோடி வந்தது, எத்தனை போனது.
வவுச்சர் இல்லாமல் எதையும்
நடந்ததாக ஒத்துக்கொள்வதில்லை.

பஸ் ரத்தினகிரி தாண்டும்போது
வயிற்றில் அது தொடங்கும்.
போனைத் திறப்பேன். ரெகுலேட்டர் மூடியிருக்கிறது.
மேல்விஷாரத்தில் நிலோபர் ஏறுவாள்.
"வீடு எரிஞ்சிடுச்சா?"
"இன்னும் இல்ல."
"சரி, தள்ளி உக்காரு."

போன ஐப்பசியில்
மூன்று நாள் மழை விடாமல் பிடித்து
பாலாற்றில் தண்ணீர் வந்தது.
வெறும் மணலையே கடந்து பழகிய டிரைவர்
பாலத்தில் தானாகவே வண்டியை மெதுவாக்கினார்.
கரைக்குக் கரை கலங்கல்.
ஒரு முழு வேலிக்காத்தான் மரம்
வேரோடு, எந்த அவசரமும் இல்லாமல்
கிழக்கே போய்க்கொண்டிருந்தது.
பஸ்ஸே ஒரு பக்கம் சாய, எல்லாக் கையிலும் போன்.
நானும் தூக்கினேன்.
இடமில்லை என்றது.
ஒரே ஒரு படத்துக்கும் இடமில்லையாம்.

ஆயிரத்து நூற்றுச் சொச்சம்:
ரெகுலேட்டர், திருகு, ஒயர், பூட்டு.
அழிக்கத் தொடங்கினேன்
ஆறு தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தோடு.
ஆறு தீரவில்லை, பாலம் தீர்ந்துவிட்டது.
"நான் அனுப்புறேன், விடு" என்றாள் நிலோபர்.
விரல் நிற்கவில்லை.

அப்போதுதான் பார்த்தேன் படங்களின் ஓரங்களை.
ரெகுலேட்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு பல்லி,
ஒரு வாரம் வாலோடு,
அடுத்த வாரம் வாலில்லாமல்,
பிறகு குட்டையாய் ஒன்று முளைத்து.
அடுப்புக்கு மேலே தோசையைப் பிய்க்கும்
கோபிகாவின் கை.
மார்ச்சில் மருதாணி. ஜூனில் பேனா மை.
ஆகஸ்டில் வளையல் மாறியிருக்கிறது
எனக்குத் தெரியாமலே.
மோட்டார் சுவிட்சுக்கு அருகில் தணிகாசலத்தின் தோள்,
ஏதோ சொல்ல வந்து நின்றது போல.
என்ன சொல்ல வந்தாரோ.
எல்லாமே மங்கல்.
நான் குறி வைத்தது
இரும்புக்கும் ரப்பருக்கும் மட்டும்தானே.

அந்தக் கையை வைத்துக்கொண்டேன்.
பல்லியையும், மூன்று வாலுக்கும் ஒவ்வொன்றாக.

விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
மார்கழியில் ஒருநாள் ரத்தினகிரியில் இறங்கி
ஆட்டோவுக்கு முன்னூறு கொடுத்து வீட்டுக்கு ஓடினேன்.
மூடித்தான் இருந்தது.
கூப்பிடாமல் வந்த சம்பந்தியைப் பார்ப்பதுபோல்
சிலிண்டர் என்னைப் பார்த்தது.
அரை நாள் சம்பளம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, படமே எடுக்காமல்.
ரத்தினகிரி தாண்டியதும் வழக்கம்போல் அது வந்தது.
வரட்டும் என்று பக்கத்தில் இடம் விட்டேன்.
மேல்விஷாரத்தில் நிலோபர் ஏறி
அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அக்னி நட்சத்திரம்.
நேற்று சாயங்காலம் பூட்டைத் திறக்கிறேன்,
ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது.
காலையிலிருந்து, பத்தரை மணி நேரம், ஆளே இல்லாமல்.
இத்தனை வருஷம் நான் பயந்தது
ஒருவழியாக நடந்தேவிட்டது.
தினசரிக் காலண்டரின் தாள்கள்
யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தன.
செருப்பைக் கழற்றாமல் நின்றேன்,
யூனிட்டுக்கு எவ்வளவு என்று பெருக்கிக்கொண்டு.
பாதிப் பெருக்கலில் கணக்கு நின்றுபோனது.

வெளியே நூற்றெட்டு டிகிரி.
கழுத்து வேர்வை ஆறத் தொடங்கியது,
நான் எந்த சுவிட்சையும் போடாமலே.