ஆளுக்குப் பத்து

பெருமுகைக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி.
வாடகை மாதம் நாலாயிரம், பாம்புகள் இலவசம்.
லாரி ஆபீசில் பார்சல் ரசீது போடுகிறவள் நான்.
ஒவ்வொரு ரசீதின் முதுகிலும் முத்திரை குத்தினேன்:
பெயிண்ட்பால். ஞாயிறு காலை ஆறு மணி.
பம்ப் துப்பாக்கி. ஆளுக்குப் பத்து குண்டு.
பதினொன்றாவது கேட்காதீர்.

முதல் ஞாயிறு ஒரு நாய் வந்தது.
அடுத்த ஞாயிறு அதே நாயும்,
விரிஞ்சிபுரம் வழித்துணைநாதர் கோயிலுக்கு
வழி தவறிய ஒரு கல்யாண வேனும்.

மூன்றாவதில் சத்துவாச்சாரி பையன்கள் ஆறு பேர்.
சைக்கிள் கடைப் பம்பைப் பார்ப்பதுபோல்
துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
"இன்னாக்கா இது, ஒவ்வொரு தபாவும் இழுத்துத் தள்ளணுமா?"
"ஆமாம்."
"மெட்ராஸ்ல விசையத் தொட்டா போதும்,
மழை மாதிரி கொட்டும்."
இது வேலூர், தம்பி.
மழை மாதிரி என்று இங்கே எதையும் சொல்லாதே.

பத்துக்குக் காரணம் கொள்கை என்று
அவர்களிடம் சொன்னேன். பொய்.
மே மாதம் எங்கள் செட்டிலேயே மூன்று நாள் கிடந்த பெட்டி;
திறந்தால் இரண்டாயிரம் குண்டும்
ஒட்டி உருகி ஒரே குண்டு.
பிய்த்துப் பிய்த்துப் பிழைக்க வைத்தது நூற்றுப் பன்னிரண்டு.
பதினோரு பேருக்கு ஆளுக்குப் பத்து.
மிச்சம் ரெண்டை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டேன்.

எதிரணி சேர்ந்தது இப்படி:
விஷாரத்தில் தோலுக்குச் சாயம் பார்க்கிற அஷ்பாக்,
காட்பாடி பஞ்சர் கடை அண்ணன் தம்பி,
ஆம்புலன்ஸ் ஓட்டுகிற வேங்கடபதி,
நைட் டூட்டி முடித்து நேராக வந்த
நர்ஸ் பிரேமலீலா, சீருடை கட்டைப்பையில்.
முகக்கவசம் கழற்றினால் ஆட்டம் காலி என்றேன்.
விசில் ஊதினேன்.

நாலே நிமிடம்.
பையன்கள் பாறைக்குப் பூசினார்கள், கள்ளிக்குப் பூசினார்கள்,
வானத்துக்குக்கூட ஒன்றிரண்டு.
பஞ்சர் கடை அண்ணன் முதுகில் ஒன்று பட,
கை தூக்கி வெளியே வந்து டீ கேட்டார்.
பிறகு அமைதி.
பிறகு சடக்.
இன்னொரு பாறைக்குப் பின்னால் சடக், சடக்.
குண்டு இல்லாத பம்பும் குண்டுள்ள பம்பும்
ஒரே மாதிரிதான் பேசும்.

பிரேமலீலா அசையவில்லை.
விடிகாலை மூன்று மணி வார்டில் நடந்து பழகிய பாதம்,
சலைன் சொட்டை எண்ணிப் பழகிய கண்.
என் பக்கம் விரல்களைக் காட்டினாள்.
ஐந்து. ஒன்பது.
ஐம்பத்தொன்பது வந்துவிட்டது.
ஆறு பேரில் எவனிடமோ ஒன்று இருக்கிறது.

அந்த ஒன்றுக்காக
நாற்பது நிமிடம் பதினோரு பேரும் மூச்சைக் குறைத்தார்கள்.
வெயில் குவாரியின் மேல் விளிம்பைத் தாண்டி
படிப்படியாக இறங்கியது.
கரட்டாண்டி ஒன்று அஷ்பாக்கின் ஷூ மேல் ஏறி
யோசித்து
இறங்கியது.
தூரத்து பைபாஸில் ஒரு லாரி ஹாரன்,
எங்கள் கம்பெனி வண்டிதான், எனக்குத் தெரியும்.

கடைசியில் அவள் எழுந்தாள்.
ஒளியவில்லை, ஓடவில்லை,
பஸ்ஸுக்குப் போகிறவள்போல் நடு வெளியில் நடந்தாள்.
ஆறு பம்பும் சடக்கென்றன.
தணிகைவேல்! அந்த வாயாடிக் கூட்டத்தில்
வாயே திறக்காதவன். குறி பார்த்தான், பாவம்,
சரியாகத்தான் பார்த்தான்.
விசையை அழுத்தினான்.

வெயிலில் வீங்கிய குண்டு குழலுக்குள்ளேயே உடைந்து
மஞ்சள் கருபோல் அவன் ஷூவில் சொட்டியது.

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.

புதுப் பெட்டியைப் பால் வண்டியில் வரவழைத்தேன்.
இரண்டாயிரமும் குளுகுளுவென்று வந்து சேர்ந்தன.
இனி ஆளுக்கு ஐம்பது தரலாம்,
சுவரில் எழுதச் சுண்ணாம்பும் கரைத்துவிட்டேன்.
போன ஞாயிறு இருபத்திரண்டு பேர்.
தணிகைவேல் வரிசையில் முதலில் நின்று
கையில் எண்ணி வாங்கினான்.
ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு
மீதியைத் திருப்பிக் கொடுத்தான்.
பின்னால் நின்றவன் அவனைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
"எனக்கு நாலு" என்றான்.

நாய் இன்னும் வருகிறது.
முதுகில் நீலமாய் ஒரு பொட்டு.
அது யார் சுட்டது என்று
பிரேமலீலாவின் கணக்கிலும் இல்லை.
டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன்.
ஒன்றுதான் இருக்கிறது.