ஜவ்வரிசி, நிலை மூன்று

அஸ்தம்பட்டி, மாடி அறை. கீழே பிசியோதெரபி.
இரு விரலால் கிள்ளி எடுத்துக்
கிண்ணத்தில் போட வேண்டும் ஜவ்வரிசியை.
அவ்வளவுதான் என் விளையாட்டு.

ரெஜினாமேரி முதல் நாளே கேட்டுவிட்டார்:
"இவ்வளவு உருண்டையா எந்த மில்லுல வருது?"
கொஞ்சம் நசுக்கினேன்.
"கைதட்டுற சத்தத்த நிறுத்து. பச்சப்புள்ளயா நான்?"
நிறுத்தினேன்.
காய்ந்த விரலைக் கண்ணாடி கண்டுகொள்ளவில்லை;
நாக்கில் தொட்டுக்கொண்டார், நோட்டு எண்ணுகிறவர் போல.
ஒரு நடுக்கத்தை என் நிரல்
நான்கு தொடுதல் என்று எண்ணியது.
இமைப்பொழுது பொறுக்கச் சொன்னேன் அதனிடம்.
அவருக்கு வேண்டியது நட்சத்திரமில்லை,
ரவிக்கையின் மேல் கொக்கி.

ஐந்தாம் புதன் வரவில்லை. ஏற்காட்டில் மழையாம்,
இங்கே வெறும் புழுக்கம்.
டேப்லெட் அனுப்பிய பதிவைத் திறந்தேன்:
இரவு 2.40. அறுபத்தொரு மணிகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு விரல் நடுங்குகிறது,
மற்றது நடுங்கவே இல்லை;
அகலத் தடம், வேறு யாருடையதோ கட்டைவிரல்.

ஒருவர் ஆடத்தான் எழுதியிருந்தேன்.
மதிப்பெண் கணக்கு குழம்பிக் கிடக்கிறது.
பிழைப் பட்டியலில் சேர்த்தேன்,
டீ குடித்துவிட்டு வந்து அந்த வரியை எடுத்தேன்.
கிண்ணத்தை மட்டும்
கொஞ்சம் பெரிதாக்கினேன்.