பின்பக்கமாக நிறுத்துதல்

கோப்பில் ஹெல்டுர் குரூசமே என்று பார்த்ததும்
கையுறையை மாட்டாமல் நின்றேன்.
தார்த்து நகரில் அந்தப் பெயருக்கு ஒருவர்தான்.
பதினோரு வருடம் முன்பு, பனி உருகிய சேற்றில்,
இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாக நிறுத்தச் சொல்லி
நடைபாதைக் கல்லில் டயர் உரசியதும்
பக்கத்து இருக்கையின் பிரேக்கை மிதித்தவர்.
இரண்டு தடவை.
மூன்றாவதுக்கு நான் போகவில்லை.

கால்கள் தாங்கிகளில் உயர்ந்திருக்க
கூரையைப் பார்த்துக் கிடக்கிறார்.
காலுறைகளை மட்டும் கழற்றவில்லை. இடதில் ஒரு பொத்தல்.
பச்சைத் துணி எல்லாவற்றையும் மறைத்து
ஓர் இடத்தை விட்டிருந்தது;
எங்களுக்கு வேலையே அங்குதான்.

காலையில் இந்தக் கரத்தை
ஜெல்லியில் புதைத்த திராட்சை ஒன்றில் சோதித்தேன்.
ஒன்பது குத்து, ஒன்பதும் நடுவில்.
இப்போது திரையில்
எலுமிச்சையளவு சுரப்பி,
அதன் தோலோரம் பயறளவு நிழல்.

"இதை யார் ஓட்டுகிறார்கள்?"
"திசை இயந்திரம். ஊசியைத் தள்ளுவது டாக்டர் சிர்யே."
"பிரேக்?"
சிவப்புப் பொத்தான்மேல் என் உள்ளங்கை வியர்த்திருந்தது.
"நான்."

சடக்.
ஸ்டேப்ளர் அடிப்பது போலத்தான் இருக்கும்
என்று முன்பே சொல்லியிருந்தோம்.
அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.
ஏழாவதற்கு முன் இடுப்பு ஒரு விரலகலம் விலகியது.
அழுத்தினேன்.
கரம் அந்தரத்தில் நின்றது, ஊசி வெளியே.

மறுபடி படம் எடுத்தோம், மறுபடி பொருத்தினோம்.
ஐந்து நிமிடம் எவரும் பேசவில்லை.
"என் தவறு," என்றார் கூரையிடம்.
"குறித்துக்கொள்ளுங்கள்."

பென்சில் முனையை நாக்கில் தொட்டுத்தான்
அவர் குறிப்பார். அன்று
அந்தச் சின்னச் சத்தத்துக்கே எனக்கு வயிறு கலங்கியது.

"இதற்கு எங்களிடம் கட்டம் இல்லை," என்றேன்.

பதினான்கு துணுக்குகள்,
வேகாத சேமியா போல வெளுத்தவை,
ஃபார்மலினில் இறங்கின.
பதினான்கு புட்டியிலும் பெயர் ஒட்டி
எழுத்தெழுத்தாய்ச் சரிபார்த்தேன்.
பத்து நாளாகும் என்றார் டாக்டர்.
அவருடைய தாளில் அன்றே தெரிந்துவிடும்,
காரை விட்டு இறங்குமுன்.

மெதுவாக எழுந்து உட்கார்ந்தவர்
என்னைச் சற்றே கூடுதலாகப் பார்த்தார்.
"காரில் வருவீர்களா வேலைக்கு?"
"சைக்கிள்."
"ஆற்றுப் பாலம் இந்த மாதம் வழுக்கும்," என்றபடி
பாண்ட்டைத் தேடினார்.
எப்போது எடுத்தேனோ,
அது மடித்தபடி என் கையில் இருந்தது.