மறுதேர்வு, பன்னிரண்டரை மணி

கிரனாதாவில் காலை ஒன்பது.
கீழக்கரையில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் இரண்டு முழம்.
அதற்குள் நான், ஒரு முக்காலி,
செங்கல்லில் சாய்த்து வைத்த போன்.
இந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது
மொட்டைமாடியில்,
காயப்போட்ட நெத்திலிக்குப் பக்கத்தில் மட்டும்.

எழுத்தில் தேறிவிட்டேன். பேச்சில் போனேன்.
ஜூனில், மூன்று பேர் உட்கார்ந்த மேசைக்கு முன்னால்
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
மேசை அங்கேயும் மேசைதான்.
அன்றைக்கு நினைவிருந்த ஒரே சொல்.

மர்ஜான் ராத்தா கல்யாணத்துக்கு வந்தவள்
தங்கும் அட்டை புதுப்பிக்கும் தேதிக்காக
மூன்று மாதமாய் இங்கேயே.
துபாயும் கொழும்பும் பக்கத்துத் தெருவாகிப்போன ஊர்.
"ஸ்பெயினா? அங்கே யாரு இருக்கா நமக்கு?"

யாரும் இல்லை. ஒரு அறை இருந்தது.
நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது,
ஏழு நிமிடத்துக்குள் குளிக்கச் சொல்லி
என்கார்னா அம்மாள் கதவில் மாட்டிய கடிகாரம்.
ஒரு ஞாயிறு மாசிச் சம்பல் இடித்தேன்.
அறைத்தோழி இட்சியார் எல்லா ஜன்னலையும் திறந்தாள்,
மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாள்,
பிறகு ரொட்டியோடு வந்து நின்றாள்.

பெரோ என்றால் 'ஆனால்'.
அதே சொல்லில் நாக்கு உருண்டால் 'நாய்'.
நம்மூர் றகரத்தை நான் அள்ளிப் போட்டதில்
"வர ஆசைதான், நாய் வேலை இருக்கு"
"அழகான ஊர், நாய் குளிர்" என்றே
ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசித் திரிந்திருக்கிறேன்.
ஒருத்தரும் திருத்தவில்லை.
மரியாதையா, வேடிக்கையா, இன்னும் தெரியாது.

திரையில் பேராசிரியை இனெஸ்.
எங்கே இருக்கிறாய், விவரி, என்கிறார்.

இருப்பதற்கு அவர்களிடம் இரண்டு வினை.
யார் என்பதற்கு ஒன்று,
எங்கே, எப்படி என்பதற்கு இன்னொன்று.
வகுப்பே தலையைப் பிய்த்துக்கொண்டபோது
எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.
நான் கீழக்கரைக்காரி: இதில் வினையே இல்லை, குறையும் இல்லை.
நான் கிரனாதாவில்... என்று நிறுத்தினால்
வாக்கியம் ஒற்றைக்காலில் நிற்கும்,
'இருக்கிறேன்' வந்து தாங்க வேண்டும்.
அன்றே சொல்லியிருக்கலாம்.
சொல்லுமளவு ஸ்பானிஷ் இல்லை.

இன்று சொன்னேன்.
தலைக்கு மேலே தொட்டி, தெற்கே கடல்,
கச்சான் காற்று புழுதியோடு மாடியேறி வருவதைச் சொன்னேன்.
நெத்திலிக்கு அவர்கள் சொல்லும் பெயரைச் சொன்னதும்
இனெஸ் திரைக்குள் முகர்ந்து பார்த்தார்.

அப்போது பாங்கு.
ஒரு பள்ளியில் தொடங்கி, அடுத்ததில், அதற்கடுத்ததில்.
காத்திருந்தோம், அவர் அங்கே, நான் இங்கே,
காபி ஆற.

முடிந்ததும் கேட்டார்:
"ஒஹலா வைத்து ஒரு வாக்கியம்."

அரபு பேசியவர்கள் போய் ஐந்நூறு வருடம் ஆன பிறகும்
அந்த ஊர் வாயில் தங்கிவிட்ட சொல்.
அல்லா நாடினால் என்பது தேய்ந்து தேய்ந்து
வெறும் ஆசையாகிவிட்ட காசு.
செலவழிப்பவர்கள் திருப்பிப் பார்ப்பதில்லை
அதில் யார் பெயர் என்று.

"ஒஹலா யுவேவா," என்றேன்.

நெத்திலி புரட்ட மாடியேறி வந்த உம்மா,
முக்காடு இன்னும் நெற்றியில் இறங்கியபடி,
காதில் விழுந்த பாதிச் சொல்லுக்கு
உரக்க, முழு மனதாய்
"ஆமீன்" என்றாள்.

இனெஸ் முகம் உறைந்தது.
வாய் பாதி திறந்திருக்க, சிரிப்பா, கேள்வியா,
நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
போனைத் தூக்கிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.

"தேறிட்டியா?"
"தெரியல உம்மா. லைன் போச்சு."
"என்னமோ துஆ கேட்டியே, என்ன கேட்ட?"
"மழை பெய்யணும்னு."

உம்மா குனிந்தவள் நிமிர்ந்தாள்.
கையில் நாலு நெத்திலி.
"மீனு காயிறப்பவாடி மழை கேப்ப?
நானும் ஆமீன் சொல்லித் தொலச்சிட்டேனே!"