பதின்மூன்றரை அடி

நூற்றிருபது அங்குலம் போடு மச்சான் என்றான் றிஸ்மின்.
கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி
முட்டைத் தட்டு கொண்டுவருகிற பக்குவத்தில்
மோட்டார் சைக்கிளில் வந்திறங்கியது புரொஜெக்டர்.
சுவர் சும்மாதானே கிடக்கு, பிறகென்ன கஞ்சத்தனம்?
திரை அகலத்தோடு கால்வாசி கூட்டு,
பதினோரு அடி,
அங்கே செற்றியைப் போடு.
கிட்ட இருந்தாத்தான் கொழும்பு ஹோல் மாதிரி இருக்கும்.

போட்டோம்.
நாலு மூலையையும் பென்சிலால் குறித்தேன்.
உவர்மலையில் ஒரு முன்னறை
சிமெந்துத் தரையோடு அப்படியே படத்துக்குள் போனது.
யாரோ வழுக்கி விழுந்தார்கள், நானும் றிஸ்மினும் சிரித்தோம்.
தர்மினி சிரித்தாள்,
அரைக்கணம் பிந்தி,
எங்கள் முகத்தைப் பார்த்து.

இரவு பாத்திரம் கழுவும்போது சொன்னாள்:
பெரிசு வடிவாத்தான் இருக்கு.
கதைக்கிற ஆளைத்தான் தேடவேண்டிக் கிடக்கு.

இரண்டு வருஷமாய்க் கண்ணில் சொட்டு மருந்து.
ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோப்பைக்குள் முகம் வைத்து
புள்ளி தெரிந்தால் அழுத்தச் சொல்லுவார்கள்.
அவள் அழுத்தாமல் விட்ட இடமெல்லாம்
கறுப்பாய் அச்சடித்த தாள்
அலுமாரியில் கிடக்கிறது, மின்கட்டணத் துண்டுகளோடு.
மின்கட்டணத்தை மாதாமாதம் வாசிக்கிறவன் நான்.

எனக்கு வேலை துறைமுகத்தில், இழுவைப்படகில்.
விலாவில் மூக்கை முட்டித் தள்ளும்போது
கப்பல் என்று ஒன்று இல்லை.
துரு, ஒட்டியிருக்கும் சிப்பி,
ஆழம் குறித்த ஒரு வெள்ளை இலக்கம்.
பெயரை வாசிக்க வேண்டுமென்றால் விலகவேண்டும்.
பதினாறு வருஷம் விலகி விலகி வாசித்தவன்
சொந்த வீட்டுக்குள் கப்பலை அவள் மூக்கில் கொண்டுவந்து முட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை,
சுவரின் நடுவில் ஓர் ஆணி.
அதையே பார், வேறெங்கும் பாராதே.
தும்புத்தடி நுனியில் சிவப்புப் போத்தல் மூடி ஒட்டி
ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்தேன்.
இப்ப, என்றாள்.
ஒரு துண்டு ரேப்.
இன்னொரு பக்கம். இப்ப.
மேலே. இப்ப... இல்லை, போட்டுது... இப்ப.
குளப்படி பண்ணாதீங்கோ, மூடி ஆடுது.
வலது மேற்பக்கம் மட்டும்
ஆணிக்கு ஒரு சாண் வரும்வரை அவள் பேசவில்லை.
என் கைதான் நடுங்கியது.

ரேப்புகளை இணைத்துப் பார்த்தால் அது சதுரமில்லை.
குடாக்கள், முனைகள், சட்டென்று உள்வாங்கும் ஒரு கரை.
படகில் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கும்
உள்துறைமுக வரைபடம் போல, ஆழங்கள் எழுதாமல்.

செற்றியை ஓரடி பின்னால் தள்ளி மறுபடி அளந்தோம்.
கரைகள் அகன்றன.
இன்னும் ஓரடி.
பின்சுவரில் இடித்தது அலுமாரி;
அலுமாரி படுக்கையறைக்குப் போனது.
இழுப்பறை தானாகத் திறந்து அந்தத் தாள் எட்டிப்பார்க்க
இருவரும் ஒரே நேரத்தில் அதை மூடப் போனோம்.
விரல் நசுங்கியது எனக்கு.

பதின்மூன்றரை அடி. இனிப் பின்னால் போனால் வீதி.
மேசையை இழுத்து இழுத்துப் படத்தைச் சுருக்கி
அந்தக் கரைகளுக்குள் நங்கூரமிடக்கூடிய
ஆகப்பெரிய செவ்வகம்:
எண்பத்திரண்டு அங்குலம்.

எண்பத்திரண்டோ என்றான் றிஸ்மின் தொலைபேசியில்.
அதுக்கு ரீவி ஒன்று வாங்கியிருக்கலாமே.
ஓம் என்றேன்.

இன்றைக்கு முதல் படம்.
திரைக்கு வெளியே இன்னும் அழியாமல்
அந்தப் பெரிய திரையின் பென்சில் மூலைகள்.
வலது மேல்மூலையில் ஒரு பல்லி,
வெளிச்சத்துக்கு வரும் பூச்சிக்காகக் காத்திருக்கிறது.
சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் தர்மினி உரக்கச் சிரித்தாள்.
எதற்கென்று தெரியவில்லை.
அரைக்கணம் பிந்தி,
அவள் முகத்தைப் பார்த்து
நானும்.