நெறிமுறையில் இல்லாதது

சைதாப்பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடும் நிஜாமுதீன்
கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கை அறுத்து ஒட்டி
பெட்டி செய்து கொடுத்தார்.
உள்ளே இன்னா வைப்பீங்கோ என்றார்.
மலையில் வேர்க்கடலை, பள்ளியில் தேன்மிட்டாய் என்றேன்.
நம்பவில்லை. நானூறு வாங்கிக்கொண்டார்.

குச்சியால் மேலே இரண்டு தட்டு.
பிறகு பக்கத்துக் கதவை இழு.
தட்டு எதையும் தொடுவதில்லை, எதையும் திறப்பதில்லை.
அது வெளியிலிருந்தே தெரியும்.
தெரியவேண்டும் என்றுதான் பிளாஸ்டிக்.

வள்ளிமலைப் படியில் ஒன்பது குரங்குகளுக்குக் காட்டினேன்.
ஒன்றுகூடத் தட்டவில்லை.
காது கிழிந்த ஒரு கடுவன்
என் குச்சியைப் பிடுங்கி மோந்து, எறிந்துவிட்டு
நேரே கதவுக்குப் போனது.
குறிப்பேட்டில் எழுதினேன்: சரி.

மேல்பாடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, நாற்பத்தொரு பேர்.
சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால்
முட்டை அட்டைகள் அடுக்கிய அறையில்
ஒவ்வொருவராக.
முப்பத்தெட்டுப் பேர் தட்டினார்கள்.
தமீம் மூன்றாவதாகவும் ஒன்று தட்டினான்,
கணக்கு குறைந்துவிடக் கூடாதென்று.

தட்டலன்னா திறக்காதா?
தொறக்கும் மிஸ்.
அப்புறம் ஏன் தட்டினே?
நீங்கோ தட்னீங்கோ இல்ல.

இதுவரை எதிர்பார்த்ததுதான்.
வேறு ஊர்களில் வேறு பெட்டிகளிலும்
பிள்ளைகள் இப்படித்தான் தட்டியிருக்கிறார்கள்.
குரங்குக்கு மிட்டாய் போதும்;
நமக்கு மிட்டாய் கொடுத்தவர் செய்ததும் வேண்டும்.
இப்படி ஒரு வரி எழுதி, அடித்துவிட்டு
காட்பாடி அறையில் ஒளிப்பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மின்சாரம் இல்லை. மடிக்கணினியில் பதினெட்டு சதவீதம்.

யுவராணி தட்டுகிறாள்.
கதவை இழுக்குமுன்
வலது கையால் இடது காது மடலை ஒருமுறை தொடுகிறாள்.
அரிப்பாக இருக்கும். ‘பிற’ என்று குறித்தேன்.
அடுத்து வந்த லோகேஷுக்கும் அரிப்பு.
அதற்கடுத்தவளுக்கும்.
கொசு என்று நினைத்தேன், உண்மையாகவே.

பின்னுக்கு ஓட்டி, செய்து காட்டிய பகுதியைப் போட்டால்
நான்.
தட்டுகிறேன். காதைத் தொடுகிறேன். இழுக்கிறேன்.
நாற்பத்தொரு முறையும்.
முப்பத்துநாலு வயதாகிறது,
என் கை இப்படி ஒன்று செய்கிறதென்று
யாரும் சொன்னதில்லை.
யாரிடமிருந்து எடுத்தேன் என்று
பதினெட்டு சதவீதம் தீரும்வரை யோசித்தேன்.
ஒரு முகமும் வரவில்லை.

தரவு மாசுபட்டிருக்கிறது என்று
நெறியாளர் பதில் எழுதினார்.
பள்ளியை மாற்றலாமா என்றும் கேட்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து
விட்டுவந்த கேமரா ஸ்டாண்டை எடுக்கப் போனேன்.
பொன்னையாற்று மணல் காற்றோடு வந்து பல்லில் நெறுநெறுத்தது.
இடைவேளை. வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை.
ஐந்தாம் வகுப்புச் சிறுமி,
என் பெட்டியைப் பார்த்ததே இல்லாதவள்,
காசை வைத்துவிட்டுக் காதைத் தொட்டாள்.
கடைக்காரர் செல்போனிலிருந்து தலையைத் திருப்பாமல்
தேன்மிட்டாய் ஜாடியைத் திறந்தார்.

தட்டு இல்லை. குச்சி இல்லை. கதவு இல்லை.

அது இன்னாது என்று காதைக் காட்டிக் கேட்டேன்.
தேன்மிட்டாய், என்றாள்,
தமிழ் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல.

மதிற்சுவர்மேல் ஒருவன் வந்து ஏறினான்.
நாளைக்கு மழை லீவா என்று கீழேயிருந்து கத்தினார்கள்.
பேசாமல் அவனும் காதைத் தொட்டான்.
மைதானம் முழுக்க ஒரே கூச்சல்.

நானும் கடைக்குப் போனேன்.
ஐந்து ரூபாயை வைத்தேன்.
வேண்டுமென்றே, வாழ்க்கையில் முதல்முறை,
காதைத் தொட்டேன்.

கடைக்காரருக்குப் புரியவில்லை.
பக்கத்தில் தமீம், வாயில் மிட்டாயோடு
என் இடது கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

அந்தக் கை இல்ல மிஸ்.