வரியின் தலையில் ஒரு புள்ளி

ஃபாரோ தீவுகளில், ஃபுக்ளாஃபியோர்ட் துறையில்,
சால்மன் பண்ணையின் தகரக் கொட்டகை.
காற்று கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறது.
உள்ளே சுன்வோர்,
நனைந்த கையுறைகளை ஹீட்டரின் மேல் போட்டுவிட்டுப்
பதினொரு ஸ்கிரிப்டுகளைத் திறந்து வைத்திருக்கிறாள்.

நேற்றிரவு நான்காம் கூண்டில்
ஆக்சிஜன் இறங்கியது.
அலாரம் ஸ்கிரிப்ட் கத்தியதாகப் பதிவு சொல்கிறது.
தீனி ஸ்கிரிப்ட் தன் பாட்டுக்குத் தீனி போட்டிருக்கிறது.
இரண்டும் ஒரே கணினியில்
அடுத்தடுத்துக் கிடக்கும் கோப்புகள்.
ஒன்றுக்கு எல்லை எழுபத்திரண்டு,
மற்றதற்கு அறுபது.
ஷெல்லுக்குத் தசமம் தெரியாது;
ஏழு புள்ளி இரண்டைப் பத்தால் பெருக்கித்தான்
ஊட்ட வேண்டும்.

தண்ணீர் அறுபத்தாறில் நின்றது.
ஒன்றுக்கு ஆபத்து,
மற்றதற்குச் சாப்பாட்டு வேளை.
வயிறு நிறைந்த மீனுக்கு
மூச்சு கூடுதலாக வேண்டும்.

விடிந்ததும் மிதந்தவற்றைப் பெய்னிர் எண்ணினான்.
நானூற்றுப் பன்னிரண்டு.
எண்ணிவிட்டு ஒன்றும் சொல்லாமல்
குழாயைத் திறந்து பூட்ஸைக் கழுவிக்கொண்டான்.

பிப்ரவரியில் எல்லையை மாற்றியவள் அவள்தான்.
பத்துக் கோப்புகளில் மாற்றினாள்.
பதினொன்றாவதைத் திறக்கும்போது
யாரோ கூப்பிட்டார்கள்.

இப்போது ஒரே ஒரு கோப்பு. பெயர்: பொது.
எல்லை, கூண்டுகளின் எண்ணிக்கை,
பதிவுகள் போய்ச் சேரும் பாதை,
இரவில் எழுப்ப வேண்டிய தொலைபேசி எண்.
சமக்குறிக்கு இருபுறமும் இடம் விடக்கூடாது.
விட்டால், பெயரைக் கட்டளையென்று எண்ணி
அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றுவிடும் ஷெல்.

முதலில் அந்தக் கோப்பை ஓட்டிப் பார்த்தாள்.
ஓடியது. பிழை இல்லை.
எல்லை என்ன என்று கேட்டாள்.
வெற்று வரி.

ஓட்டினால் ஷெல் ஒரு பிள்ளையைப் பெறுகிறது.
பிள்ளை எல்லா மதிப்புகளையும் மனப்பாடம் செய்து
தாயிடம் ஒரு சொல் சொல்லாமல்
சுழியத்தைக் காட்டிவிட்டுச் செத்துப்போகிறது.

வேண்டியது வேறு:
வரியின் தலையில் ஒரு புள்ளி,
ஓர் இடைவெளி,
பிறகு கோப்பின் பாதை.

நான் எழுதும் மொழியில்
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போகும்; மெய் தனியே நிற்கும்.
இங்கே தலைகீழ்.
புள்ளி விழுந்த பிறகுதான்
பெயர்களுக்கு உயிர் ஏறுகிறது.

பதினொரு தலைகள், பதினொரு புள்ளிகள்.
அறுபது அழிந்தது.
ஒன்பதாவதில், பள்ளியில் படித்தபடியே
காற்புள்ளி போட்டுப் பெய்னிர் எழுதி வைத்திருந்த
ஏழும் இரண்டும் அழிந்தன.

அவன் கேட்டான்:
இனி ஒரே இடத்தில் தப்பாக எழுதினால்?
பதினொன்றும் சேர்ந்து தப்பும்.
அது நல்லதா?
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
சத்தமாகத் தப்பும், என்றாள்.

சோதிக்க, எல்லையை எழுநூற்றிருபது ஆக்கினாள்.
உடனே ஆறு கூண்டிலும் தீனி நின்றது.
காற்றூட்டிகள் ஒருசேர உறுமின.
திரை முழுக்கச் சிவப்பு.
இருவரும் மேசைமேல் கிடந்த
பெய்னிரின் போனைப் பார்த்தார்கள்.
அது இருண்டே கிடந்தது.

பொதுவில் இருந்த எண்ணை
அப்போதுதான் வாய்விட்டுப் படித்தாள்.
பழைய கோப்பிலிருந்து
ஓர் இலக்கம் பிசகாமல் நகலெடுத்த எண்.

அழைத்தாள்.
மூன்று வருடங்களுக்கு முன்
வேலையை விட்டு டென்மார்க் போன ரூனி
இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

நாலாம் கூண்டா?

இல்லை, சோதனை, என்றாள்.

நேற்றும் வந்தது, என்றான்.
இன்னும் இரண்டு பேருக்காவது போகும்,
யாராவது பார்த்துக்கொள்வீர்கள் என்று
திரும்பிப் படுத்துவிட்டேன்.

பேச்சு நின்றபின்
எழுநூற்றிருபதை எழுபத்திரண்டாக்கினாள்.
ரூனியின் எண்ணை அழித்தாள்.
சமக்குறியின் வலப்பக்கம்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

உன் எண்ணைச் சொல், என்றாள்.
பெய்னிர் சொல்லச் சொல்ல
இரண்டிரண்டு இலக்கமாகத் தட்டினாள்,
இடைவெளி இல்லாமல்.